ரேஸில் பணம் சேர்த்த தக்கைத் தொழிலாளி

குதிரைப் பந்தயத்தில் வீடு வாசலை இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பந்தயத்தில் பணம் கட்டியே லட்சாதிபதி ஆனவர்கள் மிகச் சிலர்.

அந்தச் சிலரில் பெரும் பெயர் பெற்றவர் பிட்ஸ்பர்க் பில். அமெரிக்காக்காரர். 1905-ம் ஆண்டில் அவர் இறந்தபோது, விட்டுச் சென்ற சொத்து 30 லட்சம் டாலருக்கு மேல் என்று நாடெங்கும் பேசப்பட்டது.

அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்றார்கள் சிலர். மந்திரம் தெரியும் என்று நம்பியவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. அவர் பந்தயத்தைப் படித்தார். பள்ளிப் பிள்ளை பாடம் படிப்பதுபோல் படித்தார்!

தக்கை வேலை

அவருடைய உண்மைப் பெயர் ஜார்ஜ் ஸ்மித். 1862-ம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். பிட்ஸ்பர்க் நகருக்குப் பக்கத்து ஊர்.

ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே வேலைக்குப் போய்விட்டார். புட்டிகளை அடைக்கும் தக்கையை வெட்டும் வேலை. வாரச் சம்பளம் சில டாலர்கள்தான்.

அந்தக் காலத்தில் அமெரிக்க நகரங்களில் பந்தய விடுதிகள் இருந்தன. நியூயார்க்கில் குதிரை ஓடும். முடிவு தந்தியில் வரும். விடுதியில் ஒருவர் அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். குதிரையைக் கண்ணால் பார்க்காமலே ஜனங்கள் பணம் கட்டுவார்கள்.

வேலை முடிந்ததும் ஸ்மித் அங்கே போவார். மற்றவர்கள் பணம் கட்டினார்கள். ஸ்மித் ஓரமாக நின்று கரும்பலகையில் உள்ளதைக் குறித்துக்கொண்டார்.

எந்தக் குதிரை ஓடியது? எவ்வளவு தூரம்? எத்தனை நேரம்? முதுகில் எவ்வளவு எடை? தரை காய்ந்திருந்ததா, சேறாக இருந்ததா? எல்லாவற்றையும் எழுதினார். இரவில் வீட்டில் உட்கார்ந்து பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

இது இன்று பெரிய விஷயமாகத் தோன்றாது. குதிரைகளின் பழைய ஓட்டங்களை அச்சிட்டுத் தரும் பத்திரிகைகள் பிற்காலத்தில் வந்துவிட்டன. அமெரிக்காவில் புகழ்பெற்ற டெய்லி ரேசிங் ஃபார்ம் தொடங்கியது 1894-ல்தான். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தொழிலாளி தமக்கென்று ஒரு பத்திரிகையைக் கையால் எழுதி வைத்திருந்தார்! அதற்கு வாசகர் அவர் ஒருவர்தான்.

நன்றாகக் கணக்குப் பிடிபட்ட பிறகுதான் பணம் கட்ட ஆரம்பித்தார். ஜெயித்தார். தக்கை வேலையை விட்டார்.

புதுப் பெயர்

1885-ம் ஆண்டு வாக்கில் சிகாகோவுக்குப் போனார். அங்கே ஸ்மித் என்ற பெயரில் பலர் இருந்தார்கள். அடையாளத்துக்காக அவருக்குப் பிட்ஸ்பர்க் பில் என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

பிறகு நியூயார்க். ஷீப்ஸ்ஹெட் பே, கிரேவ்சென்ட், பிரைட்டன் பீச் ஆகிய பெரிய மைதானங்கள் அங்கே இருந்தன. கடைசி வரை அவருடைய தொழில் இடம் அதுதான்.

நாலில் ஒன்று

பந்தயத்துக்குப் போகும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எந்தக் குதிரை ஜெயிக்கும்?

பில் இன்னொரு கேள்வியும் கேட்டார். அந்தக் குதிரைக்குப் புக்கி என்ன விலை கொடுக்கிறார்?

ஒரு குதிரை 4 முறை ஓடினால் 1 முறை ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 100 டாலர் கட்டுகிறோம். 3 முறை தோற்றால் 300 டாலர் போச்சு. ஜெயித்த முறை ஒன்றுக்கு இரண்டு என்று புக்கி கொடுத்தால் லாபம் 200 டாலர். மொத்தத்தில் 100 டாலர் நஷ்டம்.

ஒன்றுக்கு ஐந்து என்று கொடுத்தால்? லாபம் 500 டாலர். தோற்றது போக 200 டாலர் மிச்சம்!

குதிரை அதே குதிரைதான். ஒரு விலையில் நஷ்டம். இன்னொரு விலையில் லாபம்.

புக்கி ஏமாளி அல்ல. எது ஜெயித்தாலும் தமக்கு ஒரு பங்கு நிற்கும்படிதான் விலை போடுவார். ஆகையால் எல்லாப் பந்தயத்திலும் பணம் கட்டுகிறவர் நாளடைவில் தோற்றே தீரவேண்டும். பில் பொறுத்திருந்தார். புக்கியின் விலை தவறு என்று பட்டால்தான் கை பைக்குப் போகும். பல பந்தயங்களை வெறுமனே பார்த்துவிட்டு வீடு திரும்புவார். எந்தப் பந்தயத்தை விடவேண்டும் என்று தெரிந்திருந்ததே அவருடைய பெரிய வித்தை.

வியர்த்த குதிரை

நோட்டுப் புத்தகம் மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரியும். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை நடத்திக்காட்டும் இடத்துக்குப் போவார். ரோமம் பளபளக்கிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? நின்ற இடத்தில் வியர்த்துக் கொட்டினாலோ, மிரண்டு துள்ளினாலோ அந்தக் குதிரையை விட்டுவிடுவார். அதற்கு முன் அது எத்தனை பந்தயம் ஜெயித்திருந்தாலும் சரி. முதுகில் ஏற்றும் எடையைவிடக் குதிரையின் அன்றைய உடல்நிலை முக்கியம் என்பது அவர் முடிவு.

ஓட்டம் தொடங்கியதும் தூரக் கண்ணாடியை எடுப்பார். எல்லோரும் முதல் குதிரையைப் பார்ப்பார்கள். அவர் பின்னால் வருகிறவற்றையும் பார்ப்பார். வழி கிடைக்காமல் சிக்கிக்கொண்ட குதிரை எது? ஜாக்கி வேகத்தை அடக்கிய குதிரை எது? அடுத்த முறை அதற்கு நல்ல விலை கிடைக்கும் அல்லவா!

தோல்வி தொடர்ந்தால் கட்டும் தொகையைக் குறைப்பார். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாகக் கட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. சாதாரண ஆட்டக்காரர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்.

கல் முகம்

பில் பணம் கட்டுகிறார் என்று தெரிந்தால் போதும். புக்கிகள் விலையைக் குறைத்துவிடுவார்கள். எனவே தாம் நேரில் போகாமல் ஆட்களை அனுப்பினார். அந்த ஆட்களைப் புக்கிகள் அடையாளம் கண்டுகொண்டால் வேறு ஆட்களை வைப்பார்.

சொந்தமாகப் பந்தயக் குதிரைகளும் வாங்கினார். அவற்றைப் பழக்கியவர் உடன்பிறந்தவரான வில்லியம்.

பில்லின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் ஜெயித்தாலும் சிரிக்கமாட்டார். தோற்றாலும் முகம் சுளிக்கமாட்டார். மைதானத்தில் யாருடனும் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டார். பேசினால் கவனம் சிதறும் என்று நினைத்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலெல்லாம் மைதானம். மாலையில் அன்றைய ஓட்டங்களைப் பற்றிய குறிப்பு. மறுநாள் மீண்டும் மைதானம். தக்கை வெட்டியபோது வேலைக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. இந்த வேலைக்கு அதுவும் இல்லை!

உடம்பு தாங்கவில்லை. காசநோய் பற்றிக்கொண்டது. அந்த நோய்க்கு அப்போது மருந்து கிடையாது. நல்ல காற்றுள்ள மலைப் பிரதேசத்துக்குப் போகச் சொல்வார்கள். பில் வட கரோலினாவில் உள்ள ஆஷ்வில் நகருக்குப் போனார். 1905 பிப்ரவரி 1-ந் தேதி அங்கேயே இறந்தார். வயது 42.

பிட்ஸ்பர்க் நகரில் அவருக்குக் கல்லறை மண்டபம் இருக்கிறது. அதன் உச்சியில் அவருடைய சிலை நிற்கிறது. கையில் பந்தயத் தாள்!

அவருடைய பந்தய முறைகளை எட்வர்ட் கோல் என்பவர் தொகுத்து, 1908-ல் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் பந்தயச் சூதாட்டத்துக்கு எதிராகக் கடுமையான சட்டம் வந்தது. மைதானங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பந்தயம் 1913-ல் திரும்பி வந்தது. ஆனால் பில் தூரக் கண்ணாடியுடன் நின்ற ஷீப்ஸ்ஹெட் பே, கிரேவ்சென்ட் மைதானங்களில் 1910-க்குப் பிறகு குதிரைப் பந்தயம் நடக்கவே இல்லை. அந்த இடங்களில் இப்போது வீடுகள் இருக்கின்றன.