தொட்டவரும் தூற்றியவரும்

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது, பூச்செடி வாங்க அப்பாவுடன் சுங்கை பூலோவுக்குச் சென்றேன். 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு அங்கு உள்ளது. குணமடைந்த பின்னும் அங்கேயே தங்கிவிட்ட சிலர் செடி வளர்த்து விற்று வந்தனர். விரல்கள் மழுங்கிய ஒரு முதியவர் மீதிப் பணத்தை என்னிடம் நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் பணத்தை மேசைமீது வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் டேமியன் பாதிரியாரின் வாழ்க்கையைப் படித்தபோது அந்த முதியவரின் கை மீண்டும் என் கண்முன் நின்றது.

டேமியன் 1840ஆம் ஆண்டு பெல்ஜியத்தில், திரெமெலோ என்னும் ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் யோசேப். துறவியான அண்ணன் ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லவிருந்த வேளையில் நோயில் விழுந்தார். தம்பி அவருக்குப் பதிலாகக் கப்பலேறி, 1864இல் ஹோனலூலுவில் குருப்பட்டம் பெற்றார்.

1865இல் ஹவாய் அரசு ஒரு சட்டம் இயற்றி, தொழுநோயாளரை மொலோக்காய் தீவின் ஒரு முனைக்கு நாடு கடத்தத் தொடங்கியது. மூன்று பக்கம் கடல். ஒரு பக்கம் செங்குத்தான மலை. 1873ஆம் ஆண்டு மே மாதம் டேமியன் தாமே விரும்பி அங்குச் சென்றார். அவர்களது புண்களைக் கழுவிக் கட்டினார், வீடுகள் எழுப்பினார், குடிநீர் கிடைக்க வழிசெய்தார், இறந்தோருக்குச் சவப்பெட்டி செய்து குழியும் தோண்டினார். அவர்கள் உண்ட பாத்திரத்திலேயே கைவிட்டு உண்டார். இறுதியில் அந்நோய் அவரையும் பற்றியது. 1889 ஏப்ரல் 15ஆம் நாள், 49ஆம் வயதில் மறைந்தார்.

அவர் இறந்து சில மாதங்களிலேயே, ஹோனலூலுவில் வசதியாக வாழ்ந்த ஹைட் என்னும் வேறு சபைப் போதகர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது. டேமியன் அழுக்கானவர், முரடர், தம் ஒழுக்கக்கேட்டால்தான் நோயைத் தேடிக்கொண்டார் என்பது அதன் சாரம். இரக்கத்தைப் போதித்தவரே இரக்கமின்றித் தீர்ப்பு வழங்கினார்.

எழுத்தாளர் ஸ்டீவன்சன் அதைப் படித்துக் கொதித்தார். டேமியன் இறந்த அடுத்த மாதமே அவர் அந்தக் குடியிருப்பில் எட்டு நாள் தங்கியவர். 1890இல் சிட்னியிலிருந்து ஹைட்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். டேமியனிடம் முரட்டுத்தனமும் பிடிவாதமும் இருந்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால், ஹைட் வீட்டில் சுகமாக இருந்தபோது, அந்த முரட்டு மனிதர்தான் அங்குப் போய் உழைத்து மடிந்தார் என்று சுட்டினார்.

அதை வாசித்தபோது நானும் ஹைட்டை மனத்திற்குள் நன்றாகத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் மற்றொரு செய்தியை அறிந்தேன். டேமியனுக்காக வாதாடியது சரிதான் என்றாலும், ஹைட்டை அவ்வளவு கடுமையாகத் தாக்கியிருக்க வேண்டாம் என்று ஸ்டீவன்சனே பின்னர் வருந்தினாராம். நல்லவருக்காகப் பேசும்போதும் பிறரைத் தீர்ப்பிடும் ஆசை நம்மை விடுவதில்லை!

2009இல் கத்தோலிக்கத் திருச்சபை டேமியனைப் புனிதராக அறிவித்தது. அவர் நோயாளியிடம், இந்த நோய் உனக்கு எப்படி வந்தது என்று விசாரணை நடத்தவில்லை. முதலில் புண்ணுக்குக் கட்டுப்போட்டார். இரக்கம் என்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஹைட் தம் தீர்ப்பைத் தாளில் எழுதினார். பத்து வயதில் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதும் ஒரு தீர்ப்புதான். அன்பு நண்பர்களே, அடுத்தவரை எடைபோடத் தோன்றும்போது நம் கைகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு கணம் பார்ப்போம்.