எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வி. துறைமுகத்தில் கணக்கர் வேலை: ராமானுஜனின் வாழ்வைத் திருப்பிய 14 மாதங்கள்

புது தில்லி, டிச. 22: கணித மேதை சீனிவாச ராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22, தேசிய கணித தினமாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்படுகிறது. அவரது 125-வது பிறந்த நாளையொட்டி 2012-ம் ஆண்டைத் தேசிய கணித ஆண்டாக மத்திய அரசு அறிவித்தபோது இச் சிறப்பு அளிக்கப்பட்டது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1962-ல், அவரது உருவம் தாங்கிய அஞ்சல் தலை வெளியிடப்பட்டது.

கும்பகோணத்துச் சிறுவனாகவும், கேம்பிரிட்ஜ் மேதையாகவும் ராமானுஜனை அனைவரும் அறிவர். இவ்விரண்டுக்கும் இடையே சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் அவர் குமாஸ்தாவாக அமர்ந்திருந்த 14 மாதங்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பட்டம் இல்லை, கல்லூரித் தேர்வில் இருமுறை தோல்வி. அந்த நிலையில் கிடைத்த அவ் வேலைதான் பின்னர் நிகழ்ந்தவை அனைத்துக்கும் வழி திறந்தது.

கல்லூரியில் சறுக்கல்:

ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி வந்தவர். ஆக, கணக்குப் பேரேடு அக் குடும்பத்துக்குப் புதியதல்ல. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார்.

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசுகளுடன் தேறிய ராமானுஜன், 1904-ல் உதவித்தொகையுடன் அவ்வூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் கைக்குக் கிடைத்த ஒரு கணித நூல் அவரை முழுமையாக ஆட்கொண்டிருந்தது. ஜார்ஜ் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த அந் நூலில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் விரிவான நிரூபணம் இன்றி, வரிசையாகத் தரப்பட்டிருந்தன. அவற்றைத் தாமே நிறுவுவதில் மூழ்கிய மாணவருக்குப் பிற பாடங்களில் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாததால் உதவித்தொகை பறிபோனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். கணிதத்தில் தேறியவர், ஆங்கிலம், சம்ஸ்கிருதம், உடலியல் ஆகியவற்றில் பின்தங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் எழுதிய எஃப்.ஏ. தேர்வில் தோல்வி; மறு ஆண்டும் தோல்வி. அத்துடன் கல்லூரி வாழ்க்கை முடிந்தது. எஃப்.ஏ. தேறாமல் பி.ஏ. வகுப்பில் நுழைய இயலாது, பி.ஏ. இன்றி மதிப்பான அரசு வேலை எதுவும் கிட்டாத காலம் அது.

வேலை தேடி:

1909-ல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. மறு ஆண்டு அறுவைச் சிகிச்சை செய்து கொண்ட ராமானுஜன், உடல் தேறியதும் வேலை தேடிப் புறப்பட்டார். இடையே, எஃப்.ஏ. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சிறிது பொருள் ஈட்டினார். தாம் இருமுறை தவறிய அதே தேர்வுக்கு!

திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி ஐயரை 1910-ல் அணுகி, ஏதேனும் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கேட்டார். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர் ராமசுவாமி ஐயர். ராமானுஜன் நீட்டிய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய அவர், இத்தகையவரைத் தாலுகா அலுவலகக் கோப்புகளில் முடக்கிவிடக் கூடாது எனக் கருதி, சென்னையில் உள்ள கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். வேலை கேட்டு வந்தவருக்கு அன்று வேலை மறுக்கப்பட்டது. ஆனால் அம் மறுப்பே பெரும் உதவியாயிற்று.

நெல்லூர் ஆட்சியராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ் முதலில் ஐயத்துடனேயே ராமானுஜனைச் சந்தித்தார். சில சந்திப்புகளுக்குப் பின் ஐயம் நீங்கியது. மாதம் 25 ரூபாய் தமது சொந்தப் பணத்திலிருந்தே தரலானார். 1911-ல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை கணிதச் சங்க இதழில் வெளிவந்தது. எனினும், பிறர் தயவில் நெடுநாள் வாழ ராமானுஜன் விரும்பவில்லை. 1912-ன் தொடக்கத்தில் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குத் தாற்காலிகப் பணி கிடைத்தது. அது சில வாரங்களே நீடித்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ராமானுஜனைவிட ஒரு வயது இளையவரான சி.வி. ராமன், 1907-லேயே நிதித் துறைப் போட்டித் தேர்வில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக அமர்ந்திருந்தார். ஒருவர் தேர்வுகளின் வழியே அதிகாரியாக நுழைந்த துறையில், தேர்வுகளில் தவறிய மற்றவர் தாற்காலிக எழுத்தராகச் சில வாரங்கள் இருந்துவிட்டு வெளியேறினார். பின்னாளில் இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராயினர்.

துறைமுகத்தில் 30 ரூபாய்:

1912 பிப்ரவரியில் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவுக்கு ராமானுஜன் விண்ணப்பித்தார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலையால் படிப்பைத் தொடர இயலாமற் போனதையும் அதில் தெரிவித்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த பரிந்துரைக் கடிதமும் உடன் சென்றது. மார்ச் 1-ம் தேதி மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலை எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். ஜார்ஜ் டவுனில் வீடு பார்த்து, தாயையும் மனைவியையும் அழைத்துக் கொண்டார். திருமணமாகி 3 ஆண்டுகளுக்குப் பின்னரே குடித்தனம் நடத்த முடிந்தது.

அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண ஐயர், கணிதச் சங்கத்தின் பொருளாளர். பகலில் பேரேடு பார்த்த இருவரும், மாலையில் திருவல்லிக்கேணியில் ஐயர் வீட்டில் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்ந்து கணிதத்தில் ஆழ்வர். காகிதம் வாங்க வசதியில்லை. துறைமுகத்தில் கிடக்கும் பொட்டலத் தாள்களைப் பொறுக்கி ராமானுஜன் கணக்குப் போடுவார் எனக் கூறப்படுகிறது. நாராயண ஐயரின் எடுத்துரைப்பால், கழகத்தின் தலைவரும் பொறியாளருமான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கவனமும் இந்த எழுத்தர் மீது திரும்பியது. ஓர் ஆங்கிலேய மேலதிகாரி தமது கடைநிலை எழுத்தருக்காகப் பேராசிரியர்களுடன் கடிதப் போக்குவரத்து நடத்தியது அந்நாளில் அரிதான செயலே.

1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அதன் தொடக்கத்தில் அவர் தம்மைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவு எழுத்தர் என்றே அறிமுகப்படுத்திக் கொண்டார். பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆண்டுச் சம்பளம் 20 பவுன் என்றும், வயது ஏறத்தாழ 23 என்றும் குறிப்பிட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 25. மாதம் 30 ரூபாய் என்றால் அன்றைய மாற்று விகிதப்படி 24 பவுன் வரும். தமது விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கர் துல்லியம் பார்க்கவில்லை போலும்.

விதி தளர்ந்தது:

கடிதத்தில் இருந்த தேற்றங்களைக் கண்டு வியந்த ஹார்டி பிப்ரவரியில் பதில் எழுதினார். அதே மாதம் சென்னை வந்த வானிலை ஆய்வு மையங்களின் தலைமை இயக்குநர் கில்பர்ட் வாக்கரிடம் ராமானுஜனின் குறிப்பேடுகள் காட்டப்பட்டன. வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை செய்தார்.

சிக்கல் விதிகளில் இருந்தது. முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கே ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கலாம். ராமானுஜனோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர். நீண்ட விவாதத்துக்குப் பின் பல்கலைக்கழகம் விலக்கு அளித்தது. 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை. கணக்கர் வேலை அத்துடன் நின்றது. எந்தப் பல்கலைக்கழகத் தேர்வு அவரை வெளியே நிறுத்தியதோ, அதே பல்கலைக்கழகத்தின் முதல் ஆராய்ச்சி மாணவர்களுள் ஒருவராக அவர் உள்ளே வந்தார்.

1914 மார்ச் 17-ல் கப்பலேறியதும், 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றதும், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும் டிரினிடி கல்லூரியின் முதல் இந்திய ஃபெல்லோவாகவும் ஆனதும் பலரும் அறிந்தவை. போர்க் காலத்தில் சரியான மரக்கறி உணவு கிடைக்காமலும், குளிராலும், நோயாலும் உடல் நலிந்தது.

1919 ஜனவரியில், இங்கிலாந்தில் சிகிச்சையில் இருந்தபடியே, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ராமானுஜன் ஒரு கடிதம் அனுப்பினார். பல்கலைக்கழகம் தமக்கு ஒதுக்கியிருந்த ஆண்டுக்கு 250 பவுன் தொகை தம் தேவைக்கு அதிகம் என்று கருதிய அவர், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுனும் தமது இன்றியமையாச் செலவுகளும் போக எஞ்சியதை ஏழை மாணவர்கள், ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடுமாறு கேட்டுக் கொண்டார். உதவித்தொகையை இழந்ததால் கல்லூரியை விட்டு ஓடிய மாணவரின் நினைவு அதில் இருந்ததா என்பதை அக் கடிதம் சொல்லவில்லை.

அவ்வாண்டு மார்ச் 27-ல் பம்பாய் வந்திறங்கினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில், 32-வது வயதில் காலமானார். இறுதி ஓராண்டில் அவர் எழுதிக் குவித்த தாள்களில் ஒரு பகுதி, 1976-ல் டிரினிடி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. மனைவி ஜானகி, திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து பல்லாண்டுகள் வாழ்ந்து, 1994-ல் மறைந்தார்.