மாத்தளைத் தோட்டங்களும் டாக்டர் விக்டர் ஹைசரும்

மாத்தளையின் வரலாறு பேசப்படும்போது 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தவறாது இடம்பெறும். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார், தம்புள்ளை வழியாக நடந்து வந்தவர்களின் துயரமும் ஓரளவு நினைவுகூரப்படுகின்றது. ஆனால் 1916ஆம் ஆண்டில் இதே மண்ணில் தொடங்கிய ஒரு சுகாதார முயற்சியைப் பற்றி நம்மவர்கள் பேசுவது அரிது. இலங்கையின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் கால்கொண்டது மாத்தளைத் தோட்டங்களிலேதான். ரொக்பெல்லர் நிறுவனத்தின் பணத்தில் நடந்த அவ்வியக்கத்தின் பின்னணியில் நின்றவர் அமெரிக்க மருத்துவரான விக்டர் ஹைசர்.

1873 பெப்ரவரி 5இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஜோன்ஸ்டவுன் நகரில் அவர் பிறந்தார். 1889 மே 31இல் நகருக்கு மேலேயிருந்த அணை உடைந்தது. தொழுவத்திலிருந்த குதிரைகளை அவிழ்த்துவிடும்படி தந்தையார் பணித்ததால் வீட்டைவிட்டு வெளியே சென்றிருந்த பதினாறு வயது ஹைசர், தொழுவத்தின் கூரைமீது ஏறி உயிர் தப்பினார். வீட்டிலிருந்த பெற்றோர் இருவரும் மாண்டனர். அவ்வெள்ளம் 2,200க்கும் அதிகமானோரைக் காவுகொண்டது.

யாருமற்று நின்ற இளைஞர் 1897இல் மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்க அரசின் கடற்றுறை மருத்துவ சேவையிற் சேர்ந்தார். 1905இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் சுகாதாரப் பணிப்பாளரானார். வாந்திபேதியையும் பெரியம்மையையும் எதிர்த்து அங்கு அவர் ஆற்றிய பணி பெரிது. எனினும் தொழுநோயாளரை உற்றாரிடமிருந்து பிரித்துக் குலியன் தீவுக்கு அனுப்பிய திட்டத்தை நடத்தியவரும் அவரே. தொகையாக மனிதரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தனிமனிதரின் கண்ணீர் தெரியாது போயிற்று என்றே நாம் கருதுகின்றோம்.

1915இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு அவரைக் கீழைநாடுகளுக்கான பணிப்பாளராக்கியது. மாத்தளை இயக்கத்தை நேரில் நடத்தும் பொறுப்பு டாக்டர் ஸ்நொட்கிராஸிடம் விடப்பட்டது.

கொழுக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் சென்று, குடலிலே பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுவது. அதன் முட்டைகள் மலத்துடன் வெளியேறி ஈரமும் நிழலும் உள்ள மண்ணிலே பொரிக்கும். மழையும் மரநிழலும் நிறைந்த தோட்டம், செருப்பறியாத கால்கள், மலசலகூடமற்ற லயங்கள்: புழு வாழ இதைவிட வேறென்ன வேண்டும்? பரிசோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோரிடம் அது காணப்பட்டது. சோகை பிடித்து வெளிறிய தொழிலாளரைச் சோம்பேறி என ஏசிய துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் அது புதுச் செய்தியாக இருந்திருக்கும்.

மருந்தோ எளிதானதன்று. வெறும் வயிற்றில் தைமோல், அதன்பின் பேதியுப்பு. பின்னர் வந்த கீனோபோடியம் எண்ணெயும் அளவு மீறினால் நஞ்சு. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானோர் உட்கொண்டனர். அறிக்கைகளிலே சிகிச்சை பெற்றோர் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. உழைப்பு கூடுமென்ற நம்பிக்கையில் தோட்ட நிர்வாகங்களும் மருந்தை வரவேற்றன. மலசலகூடம் கட்டுங்கள் என்றபோதுதான் தயக்கம் பிறந்தது. மருந்தின் செலவு சிறிது, கட்டடத்தின் செலவு பெரிது. குணமானவர் மீண்டும் அதே மண்ணிலே கால் பதித்தார். புழுவும் மீண்டது.

இங்கேதான் இவ்வரலாறு நமக்கு முக்கியமாகின்றது. எத்தனை பேர் மருந்துண்டார் என்று எண்ணுவது ஒன்று. எத்தனை பேர் நலமாகவே இருக்கின்றார் என்று எண்ணுவது வேறொன்று. அதே காலத்தில் மலாயா, ஜாவா, பிஜி ஆகிய நாடுகளில் ரொக்பெல்லர் ஆய்வுக்குழு வெளியேறிய புழுக்களையே எண்ணிப் பார்த்தது. புழு உண்டா இல்லையா என்பதைவிட, எத்தனை புழு என்பதே நோயின் கடுமையைத் தீர்மானிக்கின்றதென அது கண்டது.

மருந்து மாத்திரம் போதாது என்ற படிப்பினையின் பயனாக 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றியது. நீர், கழிவகற்றல், தாய்சேய் நலம், பாடசாலைச் சுகாதாரம் யாவும் ஒரு கூரையின் கீழ் வந்தன. டாக்டர் ஜேக்கக்ஸுடன் அதனைக் கட்டியெழுப்பியவர் நம்மவரான டாக்டர் எஸ். எப். செல்லப்பா. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு மூலம் அதுவே. கிராமங்களிற் பரவிய இம்முறைமை தோட்டப்புறத்தை எட்ட மிக நீண்டகாலம் பிடித்தது. அந்தப் பழியை ஹைசர்மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. தோட்டங்களின் உரிமையாளருக்கும் அரசுக்கும் அதிலே பெரும் பங்குண்டு.

ஹைசர் 1934இல் ஓய்வு பெற்றார். 1936இல் வெளியான அவரது சுயசரிதை அமெரிக்காவில் பெருந்தொகையாக விற்பனையாகி அவரை வீட்டுக்கு வீடு அறிமுகமாக்கியது. 1972 பெப்ரவரி 27இல், 99ஆவது வயதில் மறைந்தார்.

அவர் காலத்து வாதம் அவருடன் மறையவில்லை. கென்யாவில் 75 பாடசாலைகளிலே பிள்ளைகளுக்குப் புழுமருந்து கொடுத்து வரவை அளந்த கிரேமர், மிகல் ஆகியோரின் ஆய்வு 2004இல் வெளிவந்தபோது பெரும் நன்மை கண்டதாகக் கூறிற்று. 2015இல் அதே தரவுகளை மீளாய்ந்தோர் அம்முடிவின் ஒரு பகுதியைக் கேள்விக்குட்படுத்தினர். அறிஞர்கள் இன்றும் உடன்பட்டாரில்லை.

நமது தோட்டங்களைப் பற்றி 2011இல் வெளியான ஆய்வொன்று, பத்தாண்டுக்கால மருந்து வழங்கலின் பின்னரும் பெருந்தோட்டப் பாடசாலை மாணவருள் 29 சதவீதமானோரிடம் குடற்புழுத் தொற்றைக் கண்டது. மருந்து பாடசாலைக்கு வந்துவிட்டது. லயத்திற்கு நீரும் மலசலகூடமும் எந்த அளவுக்கு வந்தன என்ற கணக்கையும் அதன் பக்கத்திலே எழுதவேண்டியிருக்கின்றது.