காயம் கொண்டுபோகாத வெற்றி

மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்தில் கோலேஷ்வர் என்றொரு சிற்றூர் உண்டு. நம் அரிமளம் வட்டாரத்துச் சிற்றூர்களைப் போலவே உழவை நம்பிய ஊர் அது. அங்கே 1926ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிறந்தவர் கசாபா தாதாசாகேப் ஜாதவ். தந்தையார் மல்யுத்த வீரர். மகனையும் ஐந்து வயதிலேயே மண் களத்தில் இறக்கிப் பழக்கினார்.

கோலாப்பூர் மன்னரின் பொருளுதவியால் 1948இல் லண்டன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றார் ஜாதவ். மண்ணில் பழகிய கால்களுக்கு அங்கிருந்த மெத்தை விரிப்பு புதிது. ஆயினும் ஆறாம் இடம் பெற்றார்.

அடுத்த போட்டி 1952இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில். பயணச் செலவுக்குப் பணமில்லை. ஊரார் தம்மால் இயன்றதைத் திரட்டிக் கொடுத்தனர். அவர் பயின்ற ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்தேகர், தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் தந்தார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனி வீரர் ஒருவர் பெற்றுத் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் அணிவகுக்க, மக்கள் அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றனர்.

அந்த ஆரவாரத்திலும் அவர் கடனை மறக்கவில்லை. மல்யுத்தப் போட்டிகள் நடத்தி, தாமும் களமிறங்கிப் பணம் சேர்த்து, முதல்வரிடம் திருப்பிக் கொடுத்தார்.

1955இல் காவல்துறையில் துணை ஆய்வாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக். அதற்கு ஆயத்தமாகும் வேளையில் முழங்காலில் பலத்த காயம் பட்டது. போட்டிக்குப் போக முடியவில்லை. முப்பது வயதிலேயே ஒலிம்பிக் கனவு முடிந்தது.

அதற்காக அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. காவல் பணியைத் தொடர்ந்து செய்தார். விளையாட்டுப் பயிற்சியும் அளித்தார். 1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் சாலை விபத்தில் உயிர் நீத்தார்.

அவருக்குப் பின் இந்தியர் ஒருவர் ஒலிம்பிக்கில் தனிப் பதக்கம் பெற 44 ஆண்டுகள் ஆயின. 1996இல் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் அதைப் பெற்றார். அர்ஜுனா விருதோ ஜாதவின் மறைவுக்குப் பின்னரே அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது. 2010இல் புதுதில்லி மல்யுத்த அரங்குக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

அன்பு மாணவியரே, முழங்காலில் பட்ட காயம் ஒரு போட்டியைத்தான் அவரிடமிருந்து பறித்தது. நமக்காக அடகு போன வீட்டை மறவாத அந்த நன்றியுள்ளத்தை எந்தக் காயத்தாலும் பறிக்க முடியவில்லை. நம்மைப் படிக்க வைக்க நம் வீடுகளிலும் எதையேனும் விட்டுக் கொடுத்தவர்கள் உண்டல்லவா?