டாக்டர் சுப்பாராவ்

தாம்பரத்தில் ரயிலேறிப் பார்க் நிலையத்தில் இறங்குவோர் சென்னை மருத்துவக் கல்லூரியைக் காணாது செல்லுதல் அரிது. அக்கல்லூரியிற் பயின்றும் முழுப்பட்டம் பெறாது வெளிப்போந்த ஒருவரே, புற்றுநோயை மருந்தால் அடக்கும் முறைக்கு வழிகோலினாருள் ஒருவர் என்பதை நம்முட் பலர் அறியோம். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளைச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த பீமவரத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (தேர்வை எண்ணிக் கலங்கும் நண்பர் சிலர்க்கு இச்செய்தி ஆறுதலளிக்கக்கூடும்.) உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் கொடிய கழிச்சல் நோய் சில நாட்களிடையே கவர்ந்து சென்றது. அந்நோய்க்கு அன்று தக்க மருந்தில்லை.

மருத்துவக் கல்லூரியிற் பயில்கையில், காந்தியடிகளின் அழைப்பிற்கிணங்கிக் கதராடையுடன் அறுவைக் கூடம் புகுந்தார். ஆங்கிலப் பேராசிரியர் சினந்தார். எழுத்துத் தேர்வில் நன்கு விடையிறுத்தும், கிடைத்தது எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த சான்றே. சிலகாலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு, இளம் மனைவியைத் தாய்நாட்டில் விடுத்து அமெரிக்கா சென்றார்.

ஹார்வர்டில் பிஸ்கே என்பாருடன் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். தசைகட்கு ஆற்றலளிக்கும் பொருள்களையும் ஆராய்ந்து கண்டார். ஆயினும் ஆங்கு அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து ஆய்வுக்கூடம் சேர்ந்தார். அவர் பெருஞ்செயல்கள் இனித்தான் தொடங்குகின்றன.

அவர் குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கினர். உடன்பிறந்தாரை மாய்த்த ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. விந்தை யாதெனில், உயிரணுக்கள் பெருகுவதற்கும் இவ்வமிலம் இன்றியமையாதது. எனின், கட்டுக்கடங்காது பெருகும் புற்றணுக்களுக்கு இதனை மறுத்தால் அவை ஒடுங்க வேண்டுமன்றோ? பாஸ்டன் நகரத்துச் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு இதனையே வேண்டினார். ஃபோலிக் அமிலம் போன்று தோன்றி, அதன் இடத்தைக் கவர்ந்து, அதன் தொழிலை மட்டும் செய்யாத அமினாப்டெரினையும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் சுப்பாராவின் குழு ஆக்கியளித்தது. 1948 ஜூனில் பார்பர் வெளியிட்ட ஆய்வில், 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அத்தணிவோ நிலைக்கவில்லை, நோய் மீண்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் திடீரென மறைந்தார். அமெரிக்கா சென்றபின் அவர் மனைவியை மீண்டும் காணவேயில்லை. அவரைப் புகழ்வோர் இதனை மறைத்தல் முறையன்றென்பது எம் கருத்து.

1951-இல் ஜேன் ரைட் என்னும் அமெரிக்க மருத்துவ மாது, மெத்தோட்ரெக்ஸேட்டால் மார்பகப் புற்றும் தணியக் காட்டினார். ஆயினும் புற்று மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. அதற்கொரு காரணம் 1978-இல் வெளிப்பட்டது: மருந்து முடக்கும் நொதியை ஆக்கும் மரபணுவைப் புற்றணு பன்மடங்காக்கிக் கொள்ளும். ஒரு தொழிலாளியைப் பிணித்தால் நூறுபேரை அமர்த்தும் முதலாளி போலாம் இது.

ஆகவே மருந்துகளைக் கூட்டியளிக்கும் முறை வந்தது. மிலான் நகரத்துப் பொனடோனா, மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சைக்ளோபாஸ்பமைடையும் புளூரோயுராசிலையும் அறுவைக்குப் பின் அளித்து, மார்பகப் புற்று மீளுதலைக் குறைத்ததை 1976-இல் வெளியிட்டார். அதனையும் மீறிப் பரவிய நோய்க்கு பாக்லிடாக்செல், கேப்சிடபைன், எரிபுலின் முதலியன பின்னர் வந்து சேர்ந்தன.

பல்லாவரம், தாம்பரம் பக்கத்துத் தாய்மார், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையத்தை நாடுவதுண்டு. முதல் மருந்து பயன்தராவிடத்து அடுத்தது யாதென்பதை, முன்பு பெற்றவை எவை, அவை எத்துணைக் காலம் பயன்பட்டன, புற்றணுவின் தன்மை யாது, உடல் எவ்வளவு தாங்கும் என்பவற்றை ஆராய்ந்தே மருத்துவர் துணிவர். பரவிவிட்ட நோயை இம்மருந்துகள் பெரும்பாலும் வேரறுப்பதில்லை. நாட்களை நீட்டும், நோவைத் தணிக்கும். நேர்மையான மருத்துவர் அவ்வளவே வாக்களிப்பர்.