கென்னத் ஆண்டர்சன்

கென்னத் ஆண்டர்சன் (மார்ச் 8, 1910 – ஆகஸ்ட் 30, 1974) பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் ஆங்கில எழுத்தாளரும் ஆவார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்ற அனுபவங்களை நூல்களாக எழுதினார். வீட்டுப் பூனையின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பெரிய விலங்குகளின் நடத்தையைக் கூர்ந்து கவனித்து விளக்கியதால், வேட்டையில் நாட்டமில்லாதோரும் இவரைப் படிக்கின்றனர்.

வாழ்க்கைக் குறிப்பு

ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். இவருடையது பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக் குடும்பம். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டாலும் படிப்பை இடையில் விட்டுத் திரும்பினார். அஞ்சல் தந்தித் துறையில் 15 ஆண்டுகள் பணியாற்றியபின் பெங்களூர் வானூர்தித் தொழிற்சாலையில் சேர்ந்தார். வேட்டை இவருக்குத் தொழிலன்று. பெரும்பாலும் விடுமுறை நாட்களிலேயே காட்டுக்குச் சென்றார். தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்திருந்ததால் சிற்றூர் மக்களிடம் நேரடியாக விசாரிக்க முடிந்தது.

தருமபுரிக் காடுகள்

இவர் சுற்றிய பென்னாகரம், ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி ஆகியவை அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1965 அக்டோபரில் தருமபுரி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தன. 2004இல் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிப் பகுதிகள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குச் சென்றன. பென்னாகரத்தை அடுத்த சின்னாற்றங்கரையில் பூசாரிப் பழங்குடியைச் சேர்ந்த பைரா என்பவரின் நட்பு இவருக்குக் கிடைத்தது. பைரா திருட்டு வேட்டையாடியவர். அவரைத் தம் ஆசான்களுள் ஒருவராகவே ஆண்டர்சன் எழுதியுள்ளார். காலடித் தடத்தையும், மானும் குரங்கும் எழுப்பும் எச்சரிக்கை ஒலியையும் படிக்கும் கலை இத்தகைய காட்டு மக்களிடமிருந்து வந்ததே.

பெரும்பூனைகளின் நடத்தை

புலியோ சிறுத்தையோ இயல்பாக மனிதனை இரையாகக் கருதுவதில்லை என்பது ஆண்டர்சனின் உறுதியான கருத்து. மனிதனைக் கண்டால் விலகுவதே அவற்றின் வழக்கம். ஆட்கொல்லியாக மாறிய விலங்கிடம் பெரும்பாலும் ஒரு காயமோ முதுமையோ இருக்கும். எனவே விலங்கைக் கொன்றபின் அதன் உடலைச் சோதித்துக் காரணத்தைத் தேடினார்.

கும்மளாபுரம் சிறுத்தை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது 42 பேரைக் கொன்றதாக எழுதுகிறார். சிற்றூர்கள் மாலையிலேயே கதவடைத்துக் கிடந்தன. இறுதியில் அதைச் சுட்டுப் பார்த்தபோது காலின் விரல்களுக்கிடையே முள்ளம்பன்றியின் முட்கள் முறிந்து புதைந்திருந்தன. ஓடும் இரையைத் துரத்த இயலாத விலங்குக்கு மனிதனே எளிய இரையானான். ஜவளகிரிப் பெண்புலியின் வரலாற்றில் மனிதனின் பங்கு இன்னும் வெளிப்படையானது. அதன் இணையைத் திருட்டு வேட்டைக்காரர்கள் கொன்றனர். இணையைத் தேடிக் கத்திய புலியையும் ஒருவர் சுட்டுக் காயப்படுத்தினார். அதன்பின்னரே அது ஆட்களைக் கொல்லத் தொடங்கியது. ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி அதை வரவழைத்து ஆண்டர்சன் சுட்டார். திறமையான வேட்டைதான், ஆயினும் படிப்பவர் மனம் முழுதும் வேட்டைக்காரர் பக்கம் நிற்பதில்லை.

இரையருகே மீண்டும் வருதல், பழகிய தடத்திலேயே உலாவுதல், மோப்பத்தைவிடக் கண்ணையும் காதையும் நம்பி வேட்டையாடுதல் ஆகிய இயல்புகளைக் கணக்கிட்டே பரணில் காத்திருந்தார். எலி வளைமுன் அசையாமல் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் பூனையைப் பார்த்தவர்களுக்கு இவை புதியனவல்ல. ஆட்கொல்லிச் சிறுத்தை புலியைவிடத் துணிந்து வீட்டுக்குள் நுழையும் என்பதால் அதையே அதிகம் அஞ்சினார்.

1939 முதல் 1966 வரை 7 ஆட்கொல்லிப் புலிகளையும் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் இவர் கொன்றதாக அரசுப் பதிவுகள் கூறுவதாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் காட்டுயிர்களின் அழிவைக் கண்டு பாதுகாப்பை வலியுறுத்தினார். துப்பாக்கியைவிட நிழற்படக் கருவியையே விரும்பினார்.

நூல்கள்

முதல் நூல் 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' 1954இல் வெளிவந்தது. தேன்கனிக்கோட்டையை அடுத்த ஊரொன்றின் பெயர் தாங்கிய 'தி பிளாக் பாந்தர் ஆஃப் சிவனிபள்ளி' 1959இல் வெளிவந்தது. 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' இவர் மறைவுக்குப்பின் 1976இல் வந்தது. இவற்றின் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு இவர் எழுத்தே முதன்மைச் சான்று. மாந்திரீகம், ஆவி பற்றிய பகுதிகளை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். இவர் குடும்பம் வளர்த்த புரூனோ என்ற கரடியின் கதை, என்சிஇஆர்டி வெளியிட்ட 9ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது.

மறைவு

புற்றுநோயால் 1974இல் பெங்களூரில் காலமானார். இவர் நடந்த காடுகளின் பெரும்பகுதி 2014இல் காவேரி வடக்கு, 2022இல் காவேரி தெற்கு காட்டுயிர் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டது. அங்கு சிறுத்தைகள் இன்றும் வாழ்கின்றன.