விதைத்தவர் சி. சுப்பிரமணியம்

கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலருகே நின்று வடக்கே நோக்குவோருக்குப் பழனியும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் தென்படும். அச்சமவெளி உடுமலையைக் கடந்து மேற்கே பொள்ளாச்சி வரை நீள்கிறது. பழனி மலைத்தொடரோடு ஆனைமலை தோள் சேர்ந்து நிற்கும் அந்தத் தென்கொங்கு மண்ணில், செங்குட்டைப்பாளையம் என்னும் சிற்றூரில், 1910 சனவரி 30 அன்று ஓர் உழவர் குடியில் பிறந்தவர் சி. சுப்பிரமணியம். திருப்பராய்த்துறையில் தபோவனம் கண்ட சுவாமி சித்பவானந்தரும் அவ்வூரினரே.

உழவர் வீட்டுப் பிள்ளை படித்துவிட்டால் ஏரை விட்டு விலகுவதே உலக வழக்கம். சுப்பிரமணியமும் முதலில் அவ்வழியே சென்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்று வழக்கறிஞரானார். விடுதலைப் போரில் சிறை புகுந்தார். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். 1952 முதல் 1962 வரை இராசாசி, காமராசர் ஆகிய இருவர் அமைச்சரவையிலும் கல்வி, நிதி முதலிய துறைகளை ஏற்றார்.

அப்பதவிக் காலத்திலும் பிறந்த மண் அவரை விடவில்லை. ஆனைமலையில் பொழியும் மழை மேற்கே ஓடிக் கடலில் கலக்க, கிழக்கே கிணறுகள் வறண்டு கிடந்தன. அந்நீரைக் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்கு முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1961இல் நேரு அதனைத் தொடங்கிவைத்தார். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களின் வயல்கள் நீர் கண்டன.

1962இல் மத்திய அரசில் எஃகுத் துறை அவரை அடைந்தது. ஆலைகள் எழும்பிய காலம். புகழ் தரும் பொறுப்பு அது. 1964இல் பிரதமரான லால் பகதூர் சாத்திரி, உணவு, வேளாண்மைத் துறையை ஏற்குமாறு அவரை வேண்டினார். அமைச்சர்களின் பெயரைக் கெடுக்கும் துறை என அஞ்சி மூத்தவர்கள் ஒதுங்கிய நேரம். உழவர் மகன் ஒதுங்கவில்லை; எஃகை விட்டு ஏரைத் தேர்ந்தார்.

விளைவுக்கு ஏற்ற விலை கிடைத்தாலன்றி உழவன் முதலிடத் துணியான் என்பது வயலில் வளர்ந்தவருக்குப் பிறர் சொல்லத் தேவையில்லாத பாடம். 1965இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைந்தன. அமெரிக்கக் கப்பல்களை எதிர்நோக்கி நாடு உண்ட நாள்கள் அவை. 1965, 1966 ஆகிய ஈராண்டும் வானம் பொய்த்தது.

நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை கோதுமை இங்கும் விளையும் என்றார் எம். எஸ். சுவாமிநாதன். அந்நியச் செலாவணி கரையும் என்றனர் சிலர். உரத்துக்கு அயலாரிடம் கையேந்த நேரும் என்றனர் வேறு சிலர். சுப்பிரமணியம் உழவர் நிலங்களிலேயே செயல்விளக்க வயல்களை அமைக்கச் செய்தார். தில்லியில் தம் அரசு இல்லத்துத் தோட்டத்திலும் அக்கோதுமையை விதைத்தார். 1966இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வந்திறங்கியது.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டின் கசப்பும் சேர்ந்து, தமிழகத்தில் அவர் கட்சியே ஆட்சியை இழந்தது. 1967-68இல் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 1 கோடியே 65 இலட்சம் டன்னை எட்டிற்று. அதுவரை நாடு கண்டிராத அளவு. களஞ்சியங்கள் போதாமல் பள்ளிக் கட்டடங்களிலும் தானியம் குவிந்தது. 1968இல் கோதுமைப் புரட்சிக்கு அஞ்சல் தலை வெளியாயிற்று. விதைத்தவர் அப்போது அமைச்சரும் அல்லர். நாடாளுமன்ற உறுப்பினரும் அல்லர்.

அப்புரட்சியின் குறைகளையும் காலம் காட்டியிருக்கிறது. பஞ்சாபில் நிலத்தடி நீர் தாழ்ந்தது. உரமும் நஞ்சும் மண்ணை வருத்தின. பழைய விதைகள் பல மறைந்தன. அவற்றை மறைத்து அவரைப் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் அவர் முன் நின்ற கேள்வி, அடுத்த ஆண்டு இந்நாடு எதை உண்ணும் என்பதே. அதற்கு விடை தர அவர் தம் பெயரையே பணயம் வைத்தார்.

1998இல் பாரத ரத்னா அவரை வந்தடைந்தது. 2000 நவம்பர் 7 அன்று சென்னையில் அவர் மறைந்தார். அறுவடைக்குத் தான் இருப்போமா என்று எண்ணி எந்த உழவனும் விதைப்பதில்லை. அந்தக் குடிப்பண்பை அரசியலுக்கும் கொண்டுசென்றவர் என்பதே சி. சுப்பிரமணியத்தின் வாழ்வுக்குரிய பெருமை.